நம்பிக்கை என் பாடம் என்றவருக்கு

வேதத்தை நெஞ்சிலும் வாஞ்சையை விழியிலும் ஏந்தி வந்த எங்கள் அறநெறி ஆசானே, சொல்லில் சூடும் செயலில் நிழலும் வைத்திருந்த சான்றோரே, பிள்ளைகள் வாயில் "ஆறு நாள் ஐயா" என்று செல்லப்பெயர் பெற்ற பெருந்தகையே, வணக்கம்!

பணி ஓய்வுப் பிரிவு மடலுக்கு வெகு முன்னதாகவே நல்ல சொற்களைத் தேடி வைப்பது எங்கள் வழக்கம். தங்களுக்கு இவ்வாண்டே எழுத நேரும் என்று கனவிலும் நினைக்கவில்லை. பணிநீட்டிப்பு உறுதி, பள்ளி நிர்வாகக் குழுத் தலைவரின் கையொப்பம் மட்டுமே பாக்கி என்று நிம்மதியாக இருந்தோம். இதை வாசிக்கும் இந்த நேரத்திலும் எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது அடங்கவில்லை.

உலகம் ஆறே நாளில் படைக்கப்பட்டது என்று கீழ்த்தளத்து வகுப்பில் தாங்கள் முழங்க, உயிர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளில் ஒன்றிலிருந்து ஒன்றாய்க் கிளைத்தன என்று மேல்தளத்து ஆய்வகத்தில் எங்கள் உயிரியல் ஆசிரியை விளக்க, இரண்டையும் சுமந்துகொண்டு பிள்ளைகள் படியேறி இறங்கினார்கள். ஆசிரியர் அறையில் தாங்களும் அவரும் எலியும் பூனையும்தான். அவர் வாழைப்பழத்தை உரித்தால் போதும், "பூர்வீகப் பாசம் விட்டுப்போகுமா டீச்சர்?" என்பீர்கள். தாங்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தால், "முதுகெலும்பு செய்றப்போ மட்டும் படைச்சவர் அவசரப்பட்டுட்டாரோ சார்?" என்பார் அவர். கேட்டுச் சிரித்தே எங்கள் தேநீர் ஆறிப்போகும். இருவரில் ஒருவரும் ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

அப்படியிருக்க, பரிணாமப் பாடம் பிள்ளைகளின் பக்தியைக் கெடுக்கிறது என்று சில பெற்றோர் கொதித்தெழுந்தனர். நிர்வாகக் குழு ஒரு பிற்பகலில் கூடுவதாயிற்று. தலைவர் தங்கள் உடன்பிறந்த அண்ணன். பாடத்துக்கு எதிராகப் பேசத் தங்களை அழைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் உயிரியல் ஆசிரியைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கணவரை இழந்தவர், கல்லூரியில் படிக்கும் மகளுக்கும் அவருக்கும் இந்த வேலைதான் கஞ்சி ஊற்றுகிறது. "இத்தனை வருஷம் அவர்கிட்ட வாயாடினதுக்கு இன்னைக்கு வட்டியும் முதலுமா வாங்கப்போறேன்" என்று சொல்லிக்கொண்டே மேசை இழுப்பறையைக் காலிசெய்யத் தொடங்கிவிட்டார்.

நாங்களும் உட்கார்ந்திருந்த அந்தக் கூட்டத்தில் தலைவர் சுற்றிவளைக்கவில்லை. "குரங்கு வழியா மனுஷன் வந்தான்னு நீங்க நம்புறீங்களா, இல்லையா?" என்றார். ஆம் என்றால் வேலை போகும். இல்லை என்றால், நம்பாததை ஏன் நடத்துகிறீர்கள் என்று பாடம் போகும். ஆசிரியை இருதலைக்கொள்ளி எறும்பாய்த் தவித்தார். தங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட அவருக்குத் துணிவில்லை. அப்போதுதான் தாங்கள் எழுந்தீர்கள்.

"அண்ணே, அந்தக் கேள்விய அவங்ககிட்ட கேக்காதீங்க. நம்புறது என் பாடம். என் வகுப்புக்கு வந்து கேளுங்க, பதில் சொல்றேன். அவங்க பாடத்துல கேக்க வேண்டியது வேற. ஆதாரம் இருக்கான்னு கேளுங்க."

"சரி, நீயே சொல்லு. இருக்கா?"

தாங்கள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டீர்கள். "இருக்கு. தோண்டத் தோண்ட வருது. அதை உடைக்கணும்னுதான் இத்தனை வருஷமாப் படிச்சேன். என்னால முடியல."

"அப்போ வேதம் பொய்யா?"

"இல்லண்ணே. காலையில கும்பிட்டுட்டுத்தான் வந்தேன். ரெண்டும் எங்க சேருதுன்னு எனக்குத் தெரியல. எனக்குத் தெரியலங்கிறதுக்காக இவங்க சோத்துல மண்ணள்ளிப் போட முடியாது."

இடி விழுந்தாற்போல் ஆனோம். ஆறு நாள் கதை சொல்லி எங்கள் காதைப் புளிக்கவைத்த வாயா அது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆசிரியை அழவும் மறந்து, முன்பின் தெரியாத ஒருவரைப் பார்ப்பதுபோல் தங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பாடம் தப்பியது, அவர் வேலையும் தப்பியது. தங்கள் பணிநீட்டிப்புத்தான் தப்பவில்லை. கூடப்பிறந்தவரே கையொப்பமிட மறுத்துவிட்டார். இன்று முன்வரிசையில் அவருக்கென்று போட்ட நாற்காலி காலியாகவே கிடக்கிறது.

இவ்விடத்தில் தங்கள் நேரந்தவறாமை, நாவன்மை, எளிமை ஆகியவற்றை அடுக்குவது மரபு. அடுக்கிப் பார்த்தோம். அந்த ஒரு பிற்பகலுக்கு முன்னால் எல்லாம் சப்பென்றிருந்தன, அடித்துவிட்டோம்.

குறையாத நலமும் குன்றாத குரலுமாய்த் தாங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும் என்று எங்களில் கும்பிடுவோர் கும்பிட்டு வேண்டுகிறோம். கும்பிடாதோர் நெஞ்சார விரும்புகிறோம். நேற்று உயிரியல் ஆசிரியை தங்களிடம் வந்து, "எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல சார். உங்களுக்காக எப்படி வேண்டிக்கிறதுன்னு சொல்லிக் கொடுங்க" என்று கேட்டார். தாங்கள் சொன்னதை அறை முழுவதும் கேட்டது. அதற்கு மேல் எழுத எங்களிடம் ஒன்றுமில்லை.

"வேண்டிக்கவெல்லாம் வேணாம் டீச்சர். அந்தப் பாடத்தை ஒரு வரி விடாம நடத்துங்க. எதிர்த்துக் கேக்க இனி நான் இருக்க மாட்டேன். பிள்ளைங்களைக் கேக்க விடுங்க."

தங்களை அனுப்ப மனமில்லாமல் நிற்கும்,
ஆசிரியர் அறையினர்