கருவாடு அல்ல, விதை

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் அன்பிற்குரிய ஜீவமணி அண்ணாச்சி அவர்களே, முன்வரிசையை முத்துக்களாய் நிறைத்திருக்கும் பெரியோர்களே, களையெடுத்த கையோடு வந்திருக்கும் சாத்தான்குளத்துத் தாய்மார்களே, கடைசியில் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் என் கொழுந்தன் சிலுவை அவர்களே! திரேஸ்புரம் ஈவாஞ்சலினின் வணக்கம்.

சிரிக்காதீர்கள். அவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

வாழ்நாளெல்லாம் வள்ளம் ஓட்டியவர். போன ஆண்டு இருதயத்தில் அறுவை சிகிச்சை. இனிக் கடல் கூடாது என்றார் மருத்துவர். கடல் இல்லாமல் சிலுவைக்கு ஏது உறக்கம்? ஏது உணவு? ஏது உற்சாகம்? மறைந்த என் கணவர் இங்கே வாங்கிய நிலத்தில் மக்காச்சோளம் போடச் சொன்னேன்.

"சரி மைனி. வெளையலன்னா நான் வள்ளத்துக்கே போயிருவேன். தடுக்கப்படாது" என்றார்.

விளையாட்டுப் பேச்சா அது? வலையை விற்காமல் வைத்திருந்தாரே!

வேளாண் அலுவலகத்தில் அசோஸ்பைரில்லம் பொட்டலங்கள் தந்தார்கள். உள்ளே இருப்பவை கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வேருக்கு ஊட்டும் உயிர்கள். கூலி கேட்காத உயிர்கள்! ஆறிய கஞ்சியில் குழைத்து, விதையில் பூசி, நிழலில் உலர்த்த வேண்டும். எங்கள் சிலுவை என்ன செய்தார்? ஈரமாக எதைக் கண்டாலும் வெயிலில் போடுவதுதானே கடற்கரை வழக்கம்! வலையை விரித்தார், விதையைக் கொட்டினார், உச்சிவெயிலில் காயவைத்து, பாதி நிலம் விதைத்தும் விட்டார்.

பக்கத்து வயல் முருகேஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

"ஏ அண்ணாச்சி, வலையில கெடக்கது நெத்திலிக் கருவாடா?"

"வெதை, ஏளா! காயாண்டாமா?"

"நல்லாத்தான் காஞ்சிருக்கு. பூசின உசுரும் சேந்துல்லா காஞ்சு போச்சு!"

அதோ, முருகேஸ்வரி முகத்தை மூடிக்கொள்கிறாள்!

மீதி விதைக்குப் புதுப் பொட்டலம் பிரித்தோம். வேப்பமர நிழலில் பரப்பி, நாற்காலி போட்டு நானே காவலிருந்தேன். "பரீட்சை ஹால் சிஸ்டர் மாதிரில்லா இருக்கீய மைனி" என்று முணுமுணுத்தார். என் காதில் விழுந்தது, சிலுவை!

பயிர் முழங்கால் உயரம் வந்தபோது, வெயில் தின்ற பாதி வெளிறி நின்றது. நிழல் கண்ட பாதி கரும்பச்சையாய்க் களித்து நின்றது. யூரியாவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மிகைப்படுத்துவது எனக்குப் பிடிக்காது. பச்சைப் பக்கத்துக்குக் குறைத்தோம். வெளிறிய பக்கத்தைக் கூடுதல் உரம் கொடுத்துத் தேற்றினோம்.

கதிர் பிடித்ததும் மயில்கள் வந்தன. ஒரு காலையில் போய்ப் பார்க்கிறேன்: நிலத்தைச் சுற்றிலும் கம்பு, கம்புக்குக் கம்பு சிலுவையின் வலை! துண்டு துண்டாக அறுத்துக் கட்டியிருந்தார்.

"வலைய அறுத்துப்போட்டீரே, இனி எதக்கொண்டு கடலுக்குப் போவீரு?"

கதிரைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இதுகள விட்டுட்டு எங்கன போவேன், மைனி?"

கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பயிரை மட்டுமா காப்பாற்றின, தாய்மார்களே?

எனக்குக் கைதட்ட வேண்டாம். சிலுவை அவர்களே, தூணை விட்டு வாருங்கள். கஞ்சி ஆறிவிட்டது, விதை காத்திருக்கிறது. இவர்களுக்குச் செய்து காட்டுங்கள். பந்தலுக்குள்ளேயே, நிழலில்!

வெயிலில் வந்து பொறுமையோடு செவிகொடுத்த உங்கள் அனைவருக்கும் என் நன்றி. உங்கள் நிலமும் நெஞ்சும் பச்சையாய் இருக்கட்டும். வணக்கம்.