பத்து நிமிஷத்துக்கு ஒரு சொட்டு

— தம்பி, பாப்பா மூஞ்சி எப்பலேர்ந்து இப்படிச் சிவந்திருக்கு?

— இப்பதான் சிஸ்டர், ஒரு பத்து நிமிஷமா. வெக்கப்படுறாளோ என்னமோ.

— ஏழு வயசுக் குழந்தை கண் ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து எதுக்குப்பா வெக்கப்படும்? நெத்தியைத் தொட்டுப் பாருங்க, கொதிக்குது. குட்டி, எங்க, ஆன்ட்டிகிட்ட நாக்கை நீட்டு.

— வாய்க்குள்ள துணி வெச்ச மாதிரி இருக்கு ஆன்ட்டி.

— வறண்டு போயிருக்கு. தண்ணி குடுத்தீங்களா தம்பி?

— ஒரு பாட்டில் காலி பண்ணிட்டா. அதாவது, பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்லையே சிஸ்டர்? போர்டு தெரியலைன்னு டீச்சர் சொன்னாங்க, கண்ணாடி போட வந்தோம், அவ்வளவுதான்.

— கண்ணாடிக்குப் பவர் பாக்கத்தான் இந்த மருந்து. கண்ணு நடுவுல இருக்கற கருப்பு வட்டம் விரியும். வெளிச்சம் கூசும், கிட்ட இருக்கறது மங்கலாத் தெரியும், நாளைக்குள்ள சரியாயிடும். சில குழந்தைங்களுக்கு லேசாச் சிவக்கும், தூக்கம் வரும். ஆனா ரெண்டு சொட்டுக்கு இவ்வளவு ஆகி நான் பாத்ததில்ல.

— அண்ணா, சுவத்துல எறும்பு.

— எங்கடா?

— அதோ, வரிசையாப் போகுது. ஒண்ணு மட்டும் திரும்பி வருது. எதையோ மறந்து வெச்சுட்டு வந்துடுச்சு போல.

— சிஸ்டர், சுவத்துல ஒண்ணுமே இல்லையே.

— இல்லதான். குட்டி, இங்க பாரு, அங்க எறும்பு இல்ல. கண்ணுல விட்ட மருந்து உனக்கு இல்லாததைக் காட்டுது. பயப்படக் கூடாது, புரியுதா?

— புரியுது ஆன்ட்டி. ஆனா ஓடுது.

— மடியில படுக்க வெச்சுக்கோங்க தம்பி. டாக்டருக்குச் சொல்லி அனுப்பிட்டேன், உள்ள ஒருத்தரைப் பாத்து முடிச்சுட்டு ஓடி வர்றார். சீட்டைக் குடுங்க. மூணு மணிக்கு முதல் சொட்டு, டிக். மூணு பத்துக்கு ரெண்டாவது, டிக். மூணாவது விட வந்தப்பதான் அந்தப் பெரியவர் படியில தடுக்கி விழுந்தார், நான் ஓடிட்டேன்.

— கணக்கு சரியாத்தானே இருக்கு சிஸ்டர்?

— சரியா இருக்கறதுதான் பிரச்சனை.

— ஆன்ட்டி, அண்ணன் மருந்து விட்டான்.

— என்ன சொன்னே குட்டி?

— நீங்க ஓடினீங்கல்ல, அப்ப. நெறைய விட்டான். கழுத்து வரைக்கும் வழிஞ்சுது.

— உளர்றா சிஸ்டர். எறும்பு மாதிரி இதுவும்.

— அப்படியா தம்பி?

— அதாவது, நான் எதுக்கு விடப் போறேன்? நான் படிக்கறது இன்ஜினியரிங்.

— விட்டியே அண்ணா.

— இல்லடா தங்கம். உனக்கு அப்படித் தோணுது. மருந்து இல்லாததைக் காட்டும்னு ஆன்ட்டி சொன்னாங்கல்ல?

— எறும்பு மாதிரியா?

— எறும்பு மாதிரிதான்.

— ஓ.

— அப்படின்னா நான்தான் பாட்டிலை மாத்தி எடுத்திருக்கேன். பெரியவங்களுக்கு விடறது ரெண்டு மடங்கு காட்டம். பாட்டில் ஒரே உயரம், மூடி ஒரே நிறம். பதினோரு வருஷத்துல ஒரு தடவை கூட மாத்தினதில்ல. இன்னிக்கு மாத்திட்டேன்.

— மாத்தியிருக்க மாட்டீங்க சிஸ்டர்.

— பாத்தீங்களா நீங்க?

— இல்ல. சும்மா, ஒரு ஆறுதலுக்குச் சொன்னேன்.

— மருந்துத் தட்டை அடுத்த ரூம் நர்ஸ் பொண்ணு எடுத்துட்டுப் போயிட்டா, பாட்டிலெல்லாம் கலந்து கிடக்கு. இனிமே எதைப் பாக்கறது? டாக்டர் வந்ததும் கேக்கற முதல் கேள்வி, என்ன மருந்து, எவ்வளவு. நான் சொல்றதை வெச்சுத்தான் இவளை இங்கேயே படுக்க வெக்கறதா, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மண்டையை ஸ்கேன் எடுக்கறதான்னு முடிவு பண்ணுவார். நோட்டுல எழுதிடறேன்.

— எழுதினா உங்களுக்கு என்ன ஆகும் சிஸ்டர்?

— போன மாசம் இங்க வேலை பாத்த ஒரு பொண்ணு வலது கண்ணுல விட வேண்டியதை இடது கண்ணுல விட்டா. இப்ப துணிக்கடையில பில் போடுறா. நல்ல கடைதான். பேனா இருக்கா?

— இல்ல சிஸ்டர்.

— சட்டைப் பையில இருக்கே.

— அது எழுதாது.

— குடுங்க பாப்போம். எழுதுதே தம்பி. 'மருந்தை மாற்றி விட்டது நான்.' இன்னிக்கு என்ன தேதி?

— ஆறு.

— பதினெட்டுன்னுல்ல நெனச்சேன்?

— ஆறு சொட்டு சிஸ்டர். ரெண்டு கண்ணுலயும் ஆறு ஆறு. நீங்க தட்டை இந்த பெஞ்சுலயே வெச்சுட்டு ஓடினீங்க. பாட்டிலை நீங்க மாத்தல, நீங்க விட்ட அதே பாட்டில்தான்.

— எதுக்கு?

— நாலு மணிக்கு ஒரு இடத்துக்குப் போகணும். பத்து நிமிஷத்துக்கு ஒரு சொட்டுன்னா எப்ப விரிஞ்சு, எப்பப் பாத்து... அதாவது, மொத்தத்தையும் ஒரேடியா விட்டா சீக்கிரம் விரியும்னு கணக்குப் போட்டேன்.

— இன்ஜினியரிங் கணக்கு.

— ஆமா சிஸ்டர்.

— விட்டுட்டு மூக்கோரத்துல விரலை வெச்சு அழுத்திப் பிடிச்சீங்களா, நான் பிடிச்ச மாதிரி?

— எதுக்குப் பிடிக்கறீங்கன்னே தெரியல. செல்லம் கொஞ்சறீங்கன்னு நெனச்சேன்.

— பிடிக்கலேன்னா மருந்து மூக்கு வழியா உள்ள இறங்கி ரத்தத்துல கலந்துடும். அவ உடம்பு இத்துனூண்டு. எத்தனை மணிக்கு விட்டீங்க?

— மூணு இருபது. சரியா மூணு இருபது. கடிகாரத்தைப் பாத்துக்கிட்டேதான் விட்டேன்.

— அதுலயாவது ஒழுங்கா இருந்தீங்க. யாரு காத்துக்கிட்டு இருக்கா நாலு மணிக்கு?

— கிளாஸ்ல ஒரு பொண்ணு. காபி குடிக்க வர்றேன்னு சொல்ல எட்டு மாசம் எடுத்துக்கிட்டா.

— நீங்க பத்து நிமிஷம் எடுத்துக்கல. உங்க மூஞ்சியும் இப்ப சிவந்திருக்கு தம்பி. நீங்களும் ரெண்டு சொட்டு விட்டுக்கிட்டீங்களா?

— சிஸ்டர், அம்மாகிட்ட இதை...

— நான் சொல்ல மாட்டேன், நீங்க சொல்லுவீங்க. எவ்வளவுன்னு தெரிஞ்சாச்சு, இனிமே டாக்டர் பாத்துக்குவார். நாடியைப் பாத்துக்கிட்டே இங்க படுக்க வெப்போம், பெரும்பாலும் சில மணி நேரத்துல தெளிஞ்சுடும். இந்தாங்க உங்க பேனா. நான் எழுதினதை அடிச்சுட்டு உங்க கையால எழுதுங்க. தட்டை விட்டுட்டு ஓடினது நான், அதைக் கீழ நான் எழுதிக்கறேன். அதுக்கு முன்னாடி இவகிட்ட சொல்லுங்க.

— தூங்கறா சிஸ்டர்.

— தூங்கல அண்ணா.

— தங்கம், நீ சொன்னது நிஜம். நான்தான் விட்டேன். இல்லன்னு சொன்னதுதான் பொய்.

— நீ இல்லன்னு சொன்னியா, அதான் நான் தப்பாப் பாத்துட்டேன்னு நெனச்சேன்.

— நீ தப்பாப் பாக்கலடா. சரியாத்தான் பாத்தே.

— அப்ப எறும்பும் நிஜமா அண்ணா? என் கால் மேல ஏறிடுச்சு.