ஏழாம் பாத்தியும் சூரியகாந்திக் கிழங்கும்

தலைமை தாங்கும் குடியிருப்புத் தலைவர் ஐயா அவர்களே! தீர்ப்பை முதலில் எழுதிவிட்டு விசாரணைக்கு வந்திருக்கும் செயலாளர் ஐயா அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் முதியோர்களே! மாடி மாடியாய் இறங்கி வந்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் நின்று "வேணாம்டி" என்று தலையாட்டும் என் அம்மாவே! அனைவருக்கும் என் வணக்கம்.

மேடைக்கு நான் புதியவள். ஆனால் நாக்கு நடுங்காது!

நம் குடியிருப்புத் தோட்டத்தில் எங்களுக்கு ஒதுக்கிய ஏழாம் பாத்தியைத் திருப்பி ஒப்படைப்பதாக நீங்கள் அம்மாவிடம் எழுதி வாங்கிய மன்னிப்புக் கடிதத்தை வாசிக்கத்தான் என்னை மேடையேற்றினீர்கள். வாசிக்க மாட்டேன். ஏன் தெரியுமா? தோட்டத்தைக் கெடுத்ததாக நீங்கள் சொல்லும் கிழங்கைத் தேர்ந்தெடுத்தது அம்மா அல்ல. நான்!

ஜெருசலேம் ஆர்டிச்சோக் என்பது அதன் பெயர். வாயில் நுழையாததால் நமக்குச் சூரியகாந்திக் கிழங்கு. மேலே மஞ்சள் பூ, மண்ணுக்குள் இஞ்சி போன்ற கிழங்கு. விதைக்கடையில் மூன்று கூடைகளில் மூன்று ரகங்கள் இருந்தன. கடைக்கார அக்கா கேட்டார்:

"வயலுக்கா, வீட்டுத் தோட்டத்துக்கா?"

"ஒரே ஒரு பாத்திதான் அக்கா."

"அப்ப இந்தக் குட்டை ரகம் எடு பாப்பா. உன் தோள் உயரம்தான் வரும். சீக்கிரம் தோண்டிடலாம்."

கேட்டேனா? "எது நெறைய கிழங்கு விடும்?" என்றேன்.

"முண்டு ரகம்தான். ஆனா அது சொன்ன பேச்சு கேக்காது."

"அதையே குடுங்க!"

பேச்சுக் கேட்காத பெண்ணுக்குப் பேச்சுக் கேட்காத கிழங்கு. பொருத்தம் பார்த்தீர்களா?

பத்தடி வளர்ந்தது. எட்டாம் பாத்தித் தையல்கார மாமாவின் தக்காளிக்கு வெயில் போயிற்று. மாமா, அதற்கு மன்னிப்பை நானே கேட்கிறேன். தோண்டினால் கிழங்கெல்லாம் முண்டும் முடிச்சும், சந்தெல்லாம் மண். "நான் கிழங்கை உரிக்கிறேனா, மண்ணை உரிக்கிறேனா?" என்று அம்மா அலுத்துக்கொண்டார்.

என்ன மாமா? வயிறு ஊதுமா? ஊதும்! முதல்முறை இரண்டு துண்டு போதும் என்று அம்மா சொன்னார். நீங்கள் இரண்டு தட்டு சாப்பிட்டீர்கள். அன்று மாடிப்படியில் கேட்டதை நாங்கள் இடி என்றே நினைத்தோம்! சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் இதையும் கேளுங்கள்.

ஒரு பாத்தியில் இருந்த கிழங்கு பதினான்கு பாத்திகளுக்குப் போனது எப்படி? நடந்து போனதா? பறந்து போனதா?

செடியை அழிக்கச் சொன்னபோது அம்மா கெஞ்சினார். "தண்டு காய்ஞ்சதும் ஒண்ணு விடாம கையால தோண்டி எடுத்துடறேன் சார். ஒரு மாசம் டைம் குடுங்க."

செயலாளர் ஐயா சொன்னார்: "பொறுக்கிக்கிட்டு இருக்க நேரமில்லம்மா. மிஷினை விட்டா எல்லாப் பாத்தியும் சேர்த்து அரை மணி நேரம்."

தோட்டக்கார அண்ணன் தடுத்தார். "சார், இது வெட்டினா சாகாது. துண்டுக்கு ஒரு செடி வரும்."

"நீ மிஷினைப் பிடிப்பா."

உழவு இயந்திரம் ஏழாம் பாத்தியில் இறங்கியது. கிழங்கை நறுக்கியது. நறுக்கிய துண்டுகளைச் சக்கரத்தில் சுமந்துகொண்டு எட்டுக்குப் போனது, ஒன்பதுக்குப் போனது, கடைசிப் பாத்திவரை போய், திரும்பி ஒன்றாம் பாத்திவரை வந்தது. தேர்ந்தெடுத்தவள் நான். துண்டாக்கித் தூவ வைத்தவர் செயலாளர் ஐயா. தண்டனை மட்டும் அம்மாவுக்கா? இது எந்த ஊர் நியாயம்?

தலைவர் ஐயா, மணியில் கை வைக்காதீர்கள். இன்னும் முடியவில்லை.

கிழங்கு குற்றவாளி அல்ல. இடம் பார்க்காமல் ரகம் எடுத்ததே குற்றம். வயலும் வேலையாட்களும் உள்ளவருக்கு முண்டு ரகம். நிழல் யார்மேலும் விழாத மூலை உள்ளவருக்கு, வழவழப்பான நீளச் சிவப்பு ரகம். உரிக்க எளிது, ஆனால் உயரம். நமக்கோ நெருங்கிய பாத்திகள், நெருங்கிய மனிதர்கள். நமக்குக் குட்டை ரகம்தான். ஐந்து கிழங்கு போதும். கிழங்கு பரவாதபடி சுற்றிலும் மண்ணுக்குள் தகரம் பதிப்போம். தோண்டும்போது சுண்டுவிரல் அளவுத் துண்டைக்கூட விடமாட்டோம்.

பதினான்கு பாத்திகளிலும் தலைகாட்டும் ஒவ்வொரு முளையையும் பள்ளிவிட்டு வந்து நானே பிடுங்குவேன். அது என் தவறுக்கு நான் தரும் விலை. ஆனால் பாத்தியைத் தரமாட்டேன். பகல் முழுக்க அடுத்தவர் துணியைத் தேய்த்துவிட்டு வரும் என் அம்மா, நிமிர்ந்து நின்று மூச்சுவிடும் இடம் அது ஒன்றுதான்!

பாத்தியைப் பறித்தே தீரவேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள். குனிந்து நிற்கும் அம்மாவைப் பார்த்தல்ல, என் கண்ணைப் பார்த்துத் தூக்குங்கள். எண்ணி முடியும்வரை இமைக்க மாட்டேன். முதல் கை உங்களுடையதாக இருக்கட்டும், செயலாளர் ஐயா.

ஒரு கைகூட எழவில்லையே! அப்படியானால் ஏழாம் பாத்தி அம்மாவுக்கே.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், சிரித்த மாமாவுக்கும், உண்மையை அன்றே சொன்ன தோட்டக்கார அண்ணனுக்கும் நன்றி. வணக்கம்!