அவுரித் தொட்டி

அச்சு மை கையில் பட்டால் சோப்புப் போட்டுத் தேய்க்கக் கூடாது, மேடம். தேங்காய் எண்ணெய் தடவிப் பழந்துணியால் துடைத்தால் வந்துவிடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் மஹாலக்ஷ்மி. நீங்கள் விபத்து என்று எழுதி முடித்த கோப்பில் இருக்கும் இரண்டு பேரில் முதலாவது ஆள்.

நான் நின்றுகொண்டே பேசுகிறேன். பதினேழு நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காலையில் மேலப்பாளையத்தில் பஸ் ஏறி டவுணில் இறங்குவேன். நாலு ரத வீதியையும் சுற்றுவேன். அல்வாக் கடைக் கூட்டத்துக்குள் நுழைந்து, ஒன்றும் வாங்காமல் வெளியே வருவேன். மறுபடி பஸ். நேற்று ஒரு கண்டக்டர், "ஒங்களுக்கு எங்கதாம்மா போணும்?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்விதான் என்னை இங்கே கொண்டுவந்து விட்டது.

மஹாவும் நானும் கல்லூரியில் ஒரே பெஞ்சு. வேதியியல். சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்றை ஒட்டி அவர்களுக்கு ஒரு தோப்பு இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அதில் பட்டறை போட்டோம். அவுரி இலையைத் தொட்டியில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை இறக்கி, நீல நுரை பொங்கும்வரை துடுப்பால் அடிக்க வேண்டும். அடியில் படிவதைக் காயவைத்தால் நீலக்கட்டி. இது மஹாவின் வேலை. கட்டியை ஆளிவிதை எண்ணெய் விட்டு அரைத்தால் அச்சு மை, வேலம்பிசின் சேர்த்தால் ஓவியம் தீட்டுகிற வண்ணம். அரைப்பதும் கலப்பதும் என் பொறுப்பு. எனக்குக் கூடமாட இருந்தவள் எப்சி. உவரிக்காரி. பட்டறையிலேயே ஓர் அறையில் தங்கியிருந்து, சனிக்கிழமை மட்டும் ஊருக்குப் போய்வருவாள்.

இந்த வருஷம் அறுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. இலையில் சாயம் இறங்கவில்லை. வெளியிலிருந்து கொஞ்சம் நீலக்கட்டி வாங்கினோம், அதுவும் போதவில்லை. நான் ஆலையில் செய்த நீலப் பொடியை மையில் கால் பங்கு சேர்த்தேன். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. யாருக்கும் கெடுதல் இல்லை. சொன்ன நாளில் சரக்குப் போனால்தானே பட்டறைக்குப் பெயர்.

கொச்சியில் ஒருவர் எங்கள் மையில் படப் புத்தகங்கள் அச்சடிக்கிறார். அவர் எதற்கோ சோதித்துப் பார்த்திருக்கிறார். இதில் இருப்பது முழுக்க இலையிலிருந்து வந்த நீலம் இல்லை என்று கடிதம் வந்தது. மஹா அதை என்னிடம் வாசித்துக் காட்டினாள்.

"ஏட்டி ரைஹானத், வாங்குன கட்டியிலதான் எவனோ கை வச்சிருக்கான். அதுல கொஞ்சம், நம்ம தொட்டி அடியில கெடக்க வண்டல் கொஞ்சம், ரெண்டையும் மதுரைக்குக் கொண்டுபோய்ச் சோதிச்சிருவோம்."

"எப்ப போற?"

"அடுத்த புதன்."

இரண்டும் சுத்தம் என்றுதான் முடிவு வரும். அப்புறம் மிச்சம் இருப்பது நான் அரைக்கிற பலகை. என்னைச் சந்தேகிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை, மேடம். பன்னிரண்டு வருஷம் என் சொல்லை அவள் ஒருமுறைகூட இரண்டாம் தரம் கேட்டதில்லை. அந்த முகம் என்னைப் பார்த்து மாறுவதை நான் பார்க்க விரும்பவில்லை. யாராக இருந்தாலும் விரும்பமாட்டார்கள்.

ஊறிய இலைச் சக்கையை அன்றன்றே வாரிவிட வேண்டும். அந்த வாரம் நான் வாரவிடவில்லை. "சோதனைக்கு வேணும், அப்படியே கெடக்கட்டும்" என்று எப்சியிடம் சொல்லி, பலகை போட்டுத் தார்ப்பாயால் மூடினேன். எட்டு நாள். இலை அழுகினால் உள்ளே இருக்கிற நல்ல காற்றைத் தின்றுவிடும். எங்கள் தொட்டி ஆள் உயரத்துக்கும் மேலே ஆழம். அதனால்தான் யார் இறங்குவதானாலும் முதலில் கயிற்றில் சிம்னி விளக்கை விட்டுப் பார்க்க வேண்டும் என்று விதி வைத்திருந்தோம். விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது. அந்த விதியை வைத்தவளும் நான்தான்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு மூடியைத் திறந்து விளக்கை விட்டேன். ஒரு முழம் போவதற்குள் அணைந்தது. எடுத்துத் துடைத்து ஆணியில் மாட்டினேன். பத்து மணிக்கு மஹா கண்ணாடிப் புட்டியோடு வந்தாள்.

"விளக்கு விட்டுப் பாத்தியா?"

"பாத்தேன். நல்லா நின்னு எரியுது."

புடவையைச் செருகிக்கொண்டு ஏணியில் இறங்கினாள். நாலாவது படியில் நின்று என்னைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வந்தவள்போல. கை விட்டுவிட்டது. வலி இருந்திருக்காது. அதைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். என்னை நம்பியபடியே போனாள். அந்த அளவுக்கு அவளுக்கு நான் நல்லதுதான் செய்தேன்.

ஏணி சாய்ந்த சத்தத்தில் எப்சி ஓடிவந்தாள். அரைத்துக்கொண்டிருந்த கை, முழங்கைவரை மை. குனிந்து பார்த்தாள்.

"யக்கா, மஹாக்கா கெடக்காவ. அசைவே இல்லக்கா."

அவள் ஏணியை நிமிர்த்தி வைத்தாள். ஒரு கால் முதல் படியில், இன்னொரு கால் தரையில். அப்படியே நின்று என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் அந்த விதி தெரியும், மேடம். ஆணியில் மாட்டியிருந்த விளக்கையும் பார்த்தாள்.

"யக்கா, எறங்கலாமா?"

வேண்டாம் என்று ஒரு சொல் போதும். சொன்னால் ஏன் என்று கேட்பாள். எனக்கு எப்படித் தெரியும் என்று அப்புறம் யோசிப்பாள். இன்றைக்கு இல்லாவிட்டாலும் என்றைக்காவது, உவரியில் உட்கார்ந்துகொண்டு யோசிப்பாள்.

தடுத்தும் கேளாமல் தோழியைக் காப்பாற்ற இறங்கிய பெண் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். அது நான் உங்களிடம் சொன்ன வாசகம். அதைத் திருத்தத்தான் வந்தேன். நான் தடுக்கவில்லை. இறங்கு என்று தலையை அசைத்தேன்.

மஹாவின் விஷயத்தில் எனக்கு உறுத்தல் இல்லை. எப்சி மட்டும் என்னைக் கேட்காமல் இறங்கியிருந்தால், நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன்.