போணிக்கு எட்டு பேட்டரி

மெஷின் வாங்க வருகிறவரிடம் நான் முதலில் பேட்டரியைப் பற்றித்தான் பேசுவேன், சார். டிரில்லின் நிறம், கைப்பிடி ரப்பர், பெட்டியின் மேல் பல்லைக் காட்டும் வெள்ளைக்காரன் படம், இதிலெல்லாம் மயங்கி மூன்று கம்பெனி மெஷின், மூன்று வகை பேட்டரி, மூன்று சார்ஜர் என்று அலமாரியை நிரப்பி வைத்திருப்பவர்கள் சிதம்பரத்தில் ஜாஸ்தி. ஒரே கம்பெனியைப் பிடியுங்கள், பேட்டரியைத் தாராளமாக வாங்குங்கள், பிறகு வெறும் மெஷினை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன். நல்ல யோசனைதான். இன்றைக்கு யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டது பில் நகலுக்கு. கொண்டுவந்திருக்கிறேன். ஆனால் கிள்ளை லியாக்கத் அலி பாய் எழுதிக் கொடுத்த காகிதத்தை நீங்கள் படித்துக் காட்டியதும், பில்லோடு இதையும் சொல்லிவிடுவது முறை என்று பட்டது. தன் மனைவி ஆசியா உம்மாள் செத்ததற்குத் தன்னுடைய தப்புக் கணக்குதான் காரணம், தன்னைக் கைது செய்யுங்கள் என்று எழுதியிருக்கிறார். குவைத்தில் இருபத்திரண்டு வருடம் ஃபிட்டராக இருந்த மனிதர். அவர் கணக்கில் தப்பில்லை.

நான் மரிய அருள். சிதம்பரம் கடைவீதியில் மெஷின் கடை. அப்பாவுக்குக் கடலூர் முதுநகரில் ஆணி, கீல், தாழ்ப்பாள் வியாபாரம். பேச்சு வருவதற்கு முன்பே பேரம் வந்துவிடும் எங்கள் வீட்டில். விலையைச் சொன்னதும் வந்தவர் முகத்தைப் பார்க்க மாட்டோம், கையைப் பார்ப்போம். பொருளைக் கீழே வைத்தால் விலையை இறக்குவோம். வைக்காவிட்டால் காபி சொல்வோம். ஆனால் போன வருடத்திலிருந்து அந்த வித்தை செல்லவில்லை. வருகிறவர்கள் மெஷினைக் கையில் வாங்கி ஓட்டிப் பார்ப்பார்கள். கான்கிரீட்டில் துளை போட எது, அலமாரி திருகு முடுக்க எது, எத்தனை வோல்ட் போதும் என்று அரை மணி நேரம் கேட்பார்கள். நான் சொல்வேன். பிறகு என் கடை வாசலிலேயே நின்று போனில் ஆர்டர் போடுவார்கள். ஒரு நாள் ஒருத்தர் பின்கோடுகூட என்னிடமே கேட்டார். சொன்னேன்.

அப்படி இருந்தபோதுதான் அந்தப் பேட்டரிகளை வரவழைத்தேன். மேல்கூடு கம்பெனியுடையது மாதிரியே இருக்கும். உள்ளே இருப்பது தூக்கிப் போட்ட லேப்டாப்பிலிருந்து பிரித்தெடுத்த செல். ஸ்டிக்கரில் கொள்ளளவு நாலு ஏஎச் என்றிருக்கும். உண்மையில் ஒன்றரை தாங்கினால் அதிகம். ஒரிஜினல் இரண்டு மணி நேரம் ஓடினால் இது முக்கால் மணியில் படுத்துவிடும். கையில் எடுத்தால் எடை குறைவாகத் தெரிந்தது. அதனால் உள்ளே ஒரு சின்ன சிமெண்டுக் கட்டி வைக்கச் சொன்னேன். அந்த யோசனை என்னுடையது. வீட்டில் எப்போதாவது ஒரு ஸ்டூல் செய்கிறவருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. பேட்டரி தீர்ந்தால் டீ குடிக்கப் போவார். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை. மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்பினேன். அலி பாய் நின்றார்.

"என்ன அருளு, காலங்காத்தால மெழுகுவத்தி ஏத்திட்டு யார் தலைய தடவலாம்னு உக்காந்திருக்க?"

"உங்க தலையில தடவ என்ன பாய் இருக்கு, வழுக்கைதானே."

சிரித்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு மர வேலை செய்கிறவர். டிரில், கிளை அறுக்கும் சின்னச் சங்கிலி ரம்பம், இரண்டும் முன்பே என்னிடம் வாங்கியவை. ஒரே பேட்டரி இரண்டுக்கும் போடலாம். அன்றைக்கு எட்டு பேட்டரி கேட்டார். ஒன்று நாலாயிரத்து ஐந்நூறு என்றேன். போனைத் திருப்பிக் காட்டினார்.

"மூவாயிரத்து எண்ணூறு போட்டிருக்கான் பாரு."

"ரிப்பேர்னா போன் வந்து பாக்குமா பாய்?"

"ரெண்டாயிரம். போணி நாந்தானே? இல்லன்னா எழுந்திரிச்சுப் போறேன்."

எழுந்தேவிட்டார். எங்கள் கடைவீதியில் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும் போணியில் மட்டும் ஒரே மதம். முதல் ஆள் வெறுங்கையோடு படியிறங்கினால் அன்றைய நாள் போயிற்று. அதற்கு முந்தைய வாரம் முழுக்க எனக்கு அப்படித்தான் போனது. சரி பாய், உங்களுக்காக என்று சொல்லி, அந்தச் சரக்கு இருந்த கீழ்த் தட்டில் கை வைத்தேன். அவர் ஜெயித்த முகத்தோடு உட்கார்ந்தார்.

பணம் கல்லாவில் விழுந்த பிறகுதான் எதற்கு என்று சொன்னார். மனைவிக்கு நெஞ்சில் சளி கட்டி நுரையீரல் கெட்டுவிட்டது, முகத்தில் மாட்டும் மூச்சு மெஷின் இல்லாமல் ஒரு மணி நேரம் இருக்க முடியாது. போன மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து இன்வெர்ட்டர் கெட்டுவிட்டது. இந்தப் பேட்டரி என்றால் பரணில் வைத்துக்கொள்ளலாம். பழைய டிரில்லின் அடிப்பாகத்தை அறுத்து, ஒயர் இழுத்து, சின்ன இன்வெர்ட்டரோடு சேர்த்துப் பலகையில் பொருத்தியிருக்கிறார். போனில் படம் காட்டினார். சுத்தமான வேலை.

"ஒண்ணு ஒன்றரை மணி நேரம். எட்டும் சேந்தா பன்னெண்டு மணி நேரம். புயலுல கரண்டு போனாலும் அதுக்குள்ள சிதம்பரம் ஆஸ்பத்திரி ஜெனரேட்டருக்கு அள்ளிட்டு வந்துருவேன். என்ன சொல்ற?"

"நல்ல ஏற்பாடு பாய்" என்றேன்.

அப்போதே மேல் தட்டிலிருந்து ஒரிஜினலை எடுத்துக் கொடுத்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். போணிக்கு விற்ற பொருளைத் திரும்ப வாங்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

கார்த்திகைப் புயலன்று கிள்ளையில் காலை ஏழு மணிக்கே கரண்டை நிறுத்திவிட்டார்கள். ஏழே முக்காலுக்கு எனக்கு போன்.

"அருளு, மொத பேட்டரி முப்பத்தஞ்சு நிமிஷத்துல செத்துப்போச்சுப்பா. எல்லாமே இப்பிடியா? அப்பிடின்னா சொல்லிரு, இப்பவே ஆட்டோ வச்சுக் கூட்டியாந்துர்றேன். ரோடு இன்னும் தெறந்துதான் கெடக்குது."

உண்மையைச் சொல்ல நான்கு வார்த்தை போதும்: அது டூப்ளிகேட், கிளம்பி வாங்க. ஆனால் அதைச் சொன்னால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். அதுவரை அந்தச் சரக்கில் இருநூற்றுப் பதினெட்டு விற்றிருந்தேன். கடையை விட்டால் எனக்கு வேறொன்றும் தெரியாது, சார்.

"புது பேட்டரி மொத தடவை அப்பிடித்தான் பாய். அடுத்தது நிக்கும். காத்து ஜாஸ்தியா இருக்கு, அவுங்கள வெளிய எடுக்காதீங்க" என்றேன்.

"நீ சொன்னா சரிதான்" என்றார்.

ஒன்பதரைக்கு மறுபடி கூப்பிட்டார். நாலு பேட்டரி தீர்ந்து ஐந்தாவது ஓடிக்கொண்டிருந்தது. மனைவியை மெஷினோடு ஆட்டோவில் ஏற்றிக் கிளம்பி வந்திருக்கிறார். ஊரைத் தாண்டியதும் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் கரண்டுக் கம்பத்தையும் இழுத்துக்கொண்டு ரோட்டில் கிடந்தது. இரண்டு பக்கமும் வெள்ளம். ஆம்புலன்ஸ் மரத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டது. அவர் ரம்பத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"மூணு பேட்டரி இருக்குடா அருளு. ரம்பத்துல போடவா, அவளுக்கு வைக்கவா? நீ சொல்லு. அவ வெரலெல்லாம் நீலமா ஆவுது."

பின்னால் அந்த அம்மாள் ஏதோ சொல்வது கேட்டது. முகமூடிக்குள் பேசியதால் புரியவில்லை.

அந்த நேரத்தில் என் மேசை மேல் ஒரிஜினல் மூன்று, முழு சார்ஜில் இருந்தன. ஆம்புலன்ஸ் நின்ற பக்கம்வரை ஸ்கூட்டரில் இருபத்தைந்து நிமிடம். ஆனால் அவற்றைப் போட்டு ரம்பம் ஒரே ஓட்டமாக ஓடினால், கொடுத்ததற்கும் இதற்கும் ஏன் இத்தனை வித்தியாசம் என்று அந்த மனிதர் கேட்காமல் விடுவாரா. ஃபிட்டர் ஆயிற்றே. மழையும் பலமாக இருந்தது.

"ரெண்ட ரம்பத்துல போடுங்க பாய். அந்த மரத்துக்கு ரெண்டு தாராளம்" என்றேன்.

பாதி மரத்தில் ரம்பம் நின்றுவிட்டது. கடைசி பேட்டரி பத்தரை வரை ஓடியது. ஊர் ஆட்கள் அந்த அம்மாளைத் தூக்கிக்கொண்டு கிளைகளுக்குள் புகுந்து ஆம்புலன்ஸைத் தொட்டபோது பதினொன்று. அதற்குச் சற்று முன்பே முடிந்துவிட்டது என்று சொன்னார்கள்.

மூன்றாம் நாள் துக்கம் கேட்கப் போனேன். போகாவிட்டால் நன்றாக இருக்காது. கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருந்தார். பலகையில் கார்ப்பென்டர் பென்சிலால் அதே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டு வைத்திருந்தார். பலகை தெரியவில்லை, எண்கள்தான் தெரிந்தன. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க தப்புப் பண்ணேன்னு தெரியல அருளு. நீ இந்த வேலையிலயே இருக்கவன். பாத்துச் சொல்லு. நானே அவளக் கொன்னுட்டனா?"

பென்சிலை வாங்கினேன். இன்வெர்ட்டர் பாதியைத் தின்றுவிடும், அதை நீங்கள் கழிக்கவில்லை என்று ஒரு வரியைச் சேர்த்தேன். உண்மையில் அதை அவர் முதல் வரியிலேயே கழித்திருந்தார். கவனிக்கும் நிலையில் அவர் இல்லை. ரொம்ப நேரம் அந்த வரியைப் பார்த்துவிட்டு, "ஆமா, இதத்தான் வுட்டுட்டேன்" என்றார். காரணம் தெரிந்ததில் அவருக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன். அந்த வரியைத்தான் இப்போது காகிதத்தில் எழுதி உங்களிடம் கொடுத்திருக்கிறார்.

கோயிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிட்டு, விலை கூட்டிச் சொன்னேன் சாமி என்றதோடு எழுந்து வந்துவிட்டேன். இங்கே முழுதாகச் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பேட்டரி போலி என்று எனக்குத் தெரியும். அது எதற்கு என்றும் தெரியும். ரோடு திறந்திருந்தபோது வராதே என்றவன் நான். மூச்சுக்கு வைத்திருந்ததை மரத்துக்குப் போடச் சொன்னவன் நான். கொன்றவர் அவர் என்று அவரையே நம்ப வைத்தவனும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

அலி பாயிடம் மட்டும் ஒன்று சொல்லிவிடுங்கள், சார். பில்லின் பின்பக்கம் பாருங்கள், ஆறு மாத வாரண்டி போட்டிருக்கிறேன். இன்னும் நாலு மாதம் பாக்கி இருக்கிறது. எட்டையும் கொண்டுவரட்டும், ஒரிஜினலாகவே மாற்றித் தருகிறேன். மரிய அருள் கடையில் வாங்கி ஏமாந்தேன் என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.