நாலு தரம்தான் விழுந்தவர்

ஞாயிறு பின்னேரம், பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் போகும் மெட்ரோ. பனிச்சறுக்குப் பலகையை முழங்காலுக்கிடையில் பிடித்திருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். பக்கத்தில் மரக்கறிப் பையோடு ஒரு தமிழ்ப் பெண். அவர் கேட்காமலே இவர் சொன்னார்:

“இண்டைக்கு நாலு தரம்தான் அக்கா விழுந்தனான்.”

“இந்த வயசில ஏன் தம்பி உது?”

“வேலையில்லாத நாளில அறைக்குள்ள இருக்கேலாது. முதல் பயத்தில மெதுவா வந்துதான் விழுந்தனான். கொஞ்சம் வேகம் விட்டால்தான் பலகை திரும்பும். கடைசியா மலை மேலயிருந்து கீழ வரைக்கும் ஒரே ஓட்டம், விழேல்லை.”

“வீட்டில சந்தோசப்படுவினம்.”

“மனிசி மன்னாரில. இங்க கூப்பிடுற ஸ்பொன்சர் அலுவல் இன்னும் சரிவரேல்லை. விழுந்தது தெரிஞ்சால் அழுவா எண்டு, பலகை வாங்கினதையே சொல்லேல்லை.”

“விழாமல் வந்ததை வீடியோ எடுத்து அனுப்புங்கோவன்.”

“ஆர் எடுக்கிறது? கீழ வந்து நிண்டு சுத்திப் பாத்தன். கண்டதெண்டு சொல்லத் தெரிஞ்ச ஆக்கள் ஒருத்தரும் இல்லை.”

அந்தப் பெண் இறங்குமிடம் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு சொன்னார்:

“நான் கண்டனான் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ, தம்பி.”

கதவு மூடிய பிறகுதான் இவர், “ஓம் அக்கா,” என்றார்.