பதினாறாம் தேதியும் விடுமுறை

“ஊருக்கெல்லாம் ஒரு சுதந்திரம். நமக்கு மட்டும் எதுக்குக்கா ரெண்டு?”

ஆகஸ்ட் பதினாறு, வெள்ளிக்கிழமை. கடலூரிலிருந்து புதுச்சேரி வரும் தனியார் பேருந்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் ரெட்டிச்சாவடியில் ஏறிய புதுச்சேரிப் பெண் கேட்டார். கையில் பாஸ்புக். பக்கத்தில், அவருடைய தெருவில் வசிக்கும் மீன்காரப் பெண், காலிக் கூடையை மடியில் வைத்திருந்தார்.

“சட்டப்படி நம்ம புதுச்சேரி இந்தியாவோட சேந்த நாளாம். அதுக்குத்தான் லீவு. ஒனக்கு இன்னிக்கித்தான விதவை பென்ஷன் ஏறணும்?”

“அதான் போனேன். என் கணக்கு தமிழ்நாட்டு பேங்குல இருக்கு. அங்க லீவு இல்லியே.”

“தொறந்திருந்துச்சா?”

“ஜம்முனு தொறந்திருந்துச்சு. பணம்தான் இல்ல. ‘போடுற ஆபீசு புதுச்சேரியில பூட்டிக் கெடக்குதேம்மா’ன்னு பேங்குக்காரர் சிரிக்கிறாரு.”

மீன்காரப் பெண்ணும் சிரித்துவிட்டார்.

“நீயும் சிரிக்காதக்கா. இனிமே திங்கக்கெழமதானாம். ஞாயித்துக்கெழம பொண்ணும் மாப்ளயும் மொத தடவயா விருந்துக்கு வராங்க. வீட்ல அரிசி மட்டும்தான் இருக்கு.”

பேருந்து நோணாங்குப்பம் பாலத்தைத் தாண்டியது.

“மாப்ள வஞ்சிரம் சாப்புடுவாரா?”

“வேணாங்க்கா. திங்கக்கெழமயாவது காசு வருமான்னு எனக்கே தெரியாது.”

“நான் காசா கேட்டேன்? சாப்புடுவாரான்னு கேட்டேன்.”

“சாப்புடுவாரு.”

“அப்ப ஞாயித்துக்கெழம காலையில ஆறு மணிக்கு வீட்டுக்கு வா. லீவெல்லாம் கவர்மெண்டுக்குத்தான், எனக்கு இல்ல.”

அரியாங்குப்பம் நிறுத்தத்தில், மீன்கூடையைப் பாஸ்புக் வைத்திருந்தவர் வாங்கிக்கொண்டு முன்னால் இறங்கினார்.